படம் எடுப்பார்க்குப் பட்டம் எதற்கு?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. காதால் கேட்பது பொய்யாகலாம் என்பதை யாவரும் எளிதில் ஒப்புவர். கண்ணால் கண்டது பொய்யாதல் எங்ஙனம் என்பதே வியப்பு. கண்டவன் பொய்யன் அல்லன். காணப்பட்ட பொருளும் பொய்யன்று. ஆயினும், கண்டது ஒரு கணம், காணாது விட்டது பல நாள் என்னும் காரணத்தால் அக்காட்சி பொய்யாய் முடிதலும் உண்டு. இப்பழமொழியை ஆக்கியோர் நிழற்படக் கருவியைக் கண்டவர் அல்லர். எனினும் அக்கருவியைக் கையாள்வோர்க்கு இதனினும் ஏற்ற அறிவுரை இருத்தல் அரிது. இவ்வெண்ணம் எனக்கு உண்டான வகையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்ற மாணவி ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் காட்சி இதழியல் என்னும் துறையில் முதுகலைப் பட்டத்திற்குப் பயில விரும்புவதாகவும், அதற்குப் பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும் என்றும் கூறினார். செலவுக்கு யாது வழி என்று வினவினேன். "வீட்டின் பேரில் வங்கியில் கடன் வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார், ஐயா" என்று விடை வந்தது. அவர் தந்தையார் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவ்வீடு அவருடைய முப்பது ஆண்டு உழைப்பின் பயன் என்பதை யான் அறிவேன்.

"அம்மா, படம் எடுப்பதற்குப் பட்டம் எதற்கு? காமிரா ஒன்று வாங்கிக்கொள், ஊர் ஊராய்ச் சுற்று, கை தானே பழகும்" என்று சொல்லி, கடிதம் தராமலே அவரை அனுப்பிவிட்டேன். அவர் மறுத்து ஒன்றும் கூறினாரில்லை. "யோசித்துவிட்டு வருகிறேன், ஐயா" என்று மட்டும் சொல்லிச் சென்றார். யான் அன்று கூறியது தவறு என்று இன்று எண்ணுகின்றேன். அஃது ஏன் தவறு என்பதை எழுதி வைத்தல், அவர்க்கு மட்டுமன்றி, அவரைப் போல் ஐயுற்று நிற்கும் பிற மாணவர்க்கும் பயன்படக்கூடும்.

முதற்கண் இத்துறை இன்னதென விளக்குதல் வேண்டும். செய்தியைச் சொல்லால் மட்டும் உரையாது, நிழற்படம், அசையும் படம், நிலப்படம், எண்களை வரைந்து காட்டும் விளக்கப்படம் ஆகியவற்றால் உரைக்கும் தொழிலையே காட்சி இதழியல் என்பர். இதில் முதுகலைப் பட்டம் பெற விழைவோர், படம் எடுக்கும் முறையோடு, படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் முறை, படக்குறிப்பு எழுதும் முறை, பத்திரிகைச் சட்டம், தொழில் அறம், இக்கலையின் வரலாறு முதலியவற்றையும் பயில்வர். இறுதியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையோ, ஒரு பொருளைப் பற்றி நெடுநாள் உழைத்து உருவாக்கிய படத்தொகுதியோ அளித்தல் வேண்டும்.

மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் திறக்கப்பெற்றது. அதன் முதல் தலைவராகிய வால்டர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். அச்சுக்கூடத்தில் சிறு பணியாளராய்ப் புகுந்து, நாட்டுப்புறப் பத்திரிகைகளில் உழைத்து உயர்ந்தவர். பட்டம் இல்லாத ஒருவர் பட்டம் வழங்கும் பள்ளியை அமைத்தார் என்பது நகைப்பிற்கு இடந்தரலாம். ஆயின், ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? பள்ளி தொடங்கிய நாளிலேயே, மாணவர் தாமே செய்தி திரட்டி எழுதும் ஒரு நாளிதழையும் தொடங்கினார். அவ்வழக்கம் அங்கு மறையவில்லை. படத்தையே செய்தியாகக் கருதிக் கற்பிக்கும் பகுதியை அப்பள்ளியில் 1940-களில் நிறுவி வளர்த்தவர் கிளிஃப் ஈடம் என்பவர்.

இவையெல்லாம் அன்று எனக்கு ஓரளவு தெரிந்தவையே. தெரிந்திருந்தும் யான் மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவை வலியற்றவை என்று இன்றும் சொல்லேன். இத்தொழிலில் புகழ் பெற்றோருள் பலர் இதழியல் பள்ளியின் வாயிலை மிதித்தவர் அல்லர். நம் நாட்டின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எனப் போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா அம்மையார் பம்பாயில் ஓவியக் கலைப் பள்ளியில் பயின்றவரே அன்றி, இதழியல் பயின்றவர் அல்லர். மேலும், இத்தொழிலில் இடங்கள் குறைந்து வருகின்றன. படங்களுக்கென்றே உலகப் புகழ் பெற்ற லைஃப் என்னும் இதழ் 1972-ஆம் ஆண்டின் இறுதியில் வாரந்தோறும் வெளிவருவதை நிறுத்திற்று. சிகாகோ நகரத்துச் சன்-டைம்ஸ் நாளிதழ் 2013-ஆம் ஆண்டு மே திங்களில் தன் படப்பிடிப்பாளர் 28 பேரையும் ஒரே நாளில் விலக்கிற்று. செய்தி எழுதுவோரே கைப்பேசியால் படம் எடுத்தால் போதும் என்பது அவ்விதழ் நடத்துவோர் கருத்து. இத்தகைய தொழிலுக்கு ஓர் ஆசிரியரின் வீட்டை ஈடு வைக்கலாமா என்பதே என் கவலை.

நிற்க. அம்மாணவி வந்து சென்ற சில வாரங்களுக்குப்பின் வேறொரு மாணவர் என்னைக் காண வந்தார். அவர் கையில் நம் கல்லூரியின் முந்தைய ஆண்டு மலர் இருந்தது. பெருமழையின்போது வெள்ளம் புகுந்த சிற்றூர் ஒன்றில் நம் மாணவர் செய்த உதவிப் பணியைப் பற்றி அம்மலரில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதனோடு ஒரு படம். முழங்கால் அளவு நீரில் ஒரு மூதாட்டி, கையில் அலுமினியப் பாத்திரம் ஒன்றை ஏந்தியவாறு நிற்கின்றார். படத்தின் கீழ், "உணவுக்குக் காத்து நிற்கும் ஆதரவற்ற மூதாட்டி" என்று அச்சிடப்பட்டிருந்தது. அவ்வரியை எழுதியவன் யானே.

"ஐயா, இது எங்கள் ஆச்சி" என்றார் அம்மாணவர். பிறகு சற்று நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டியார் அன்று எவரிடமும் உணவு கேட்டு நின்றவர் அல்லர். அவர் வீடு மேட்டில் இருந்தமையால் அடுப்பு நனையவில்லை. ஆதலால் தெருவார்க்கெல்லாம் சோறு வடித்து, வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். உதவி செய்யச் சென்ற நம் மாணவரும் அவர் கையால் உண்டவரே. படம் பாத்திரத்தைக் காட்டிற்று. அது வாங்கும் பாத்திரமா, வழங்கும் பாத்திரமா என்பதைக் காட்டவில்லை. அதனைக் காட்ட வேண்டியது யான் எழுதிய ஒற்றை வரி. அதற்கு அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும். படம் எடுத்த மாணவரும் கேட்கவில்லை. குறிப்பு எழுதிய யானும் கேட்கவில்லை. "ஆச்சி பார்த்துவிட்டார்களா?" என்று வினவினேன். "பார்த்தார்கள், ஐயா. படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்டார்கள்" என்றார். அவர் தம் பாட்டியாரிடம் என்ன விடை கூறினார் என்பதை யான் கேட்கத் துணியவில்லை.

படம் எடுத்த மாணவர் கைத்திறன் மிக்கவர். ஒளியும் நிழலும் நீரின் அசைவும் அப்படத்தில் அழகுற அமைந்திருந்தன; அதனாலேயே அதனைத் தேர்ந்தெடுத்தோம். கை தானே பழகும் என்று அம்மாணவிக்கு யான் கூறியது உண்மையே. இங்கே கை பழகியிருந்தது. பழகாதது வேறொன்று. அதனை எங்கே சென்று பழகுவது என்னும் வினா அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

எமது சிறு மலரில் சிறு அளவில் நேர்ந்தது, உலகறிந்த ஒரு படத்தின் வரலாற்றில் பேரளவில் நேர்ந்துள்ளது. அமெரிக்க நாட்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலத்தில், வறுமையுற்ற உழவர் நிலையைப் படங்களால் நாட்டார்க்கு அறிவிக்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவை நடத்தியவர் ராய் ஸ்டிரைக்கர். அதில் பணியாற்றிய டாரத்தியா லாங்கு அம்மையார் 1936-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள நிப்போமோ என்னும் ஊரில், பட்டாணி பறிக்கும் கூலியாட்கள் தங்கியிருந்த இடத்தில், கிழிந்த கூடாரத்தின் கீழ் மக்களோடு அமர்ந்திருந்த ஒரு தாயைக் கண்டார். சில படங்களே எடுத்தார். அவற்றுள் ஒன்று "இடம்பெயர்ந்த தாய்" என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. லாங்கு அம்மையார் படக்கலை அறியாதவர் அல்லர். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் வொயிட் என்னும் பெரும் படக்கலைஞரிடம் பாடம் கேட்டவர். எளியவர்பால் இரக்கம் அற்றவரும் அல்லர். ஆயினும் அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

அப்படத்தால் நன்மை விளையவில்லை என்று யான் கூறவில்லை. அச்செய்தி சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வெளிவந்த உடனே ஏறக்குறைய 20,000 ராத்தல் உணவுப் பொருள் அவ்விடத்திற்கு அனுப்பப்பெற்றது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது அத்தாயும் மக்களும் அங்கில்லை. வேலை தேடி வேற்றூர் சென்றுவிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரை உலகம் அறியவில்லை. 1978-ஆம் ஆண்டில்தான், அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடி மரபினர் என்பதும் வெளிவந்தன. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் வருந்தினார். உணவுக்காக அவர்கள் தங்கள் வண்டியின் சக்கர ரப்பர்களை விற்றுவிட்டதாக லாங்கு அம்மையார் எழுதியிருந்தார். விற்பதற்கு வேறு ரப்பர்கள் தங்களிடம் இருந்ததே இல்லை என்று அத்தாயின் மகன் மறுத்தார். 1983-ஆம் ஆண்டில் தாம்சன் அம்மையார் நோயுற்றபோது அவர் மக்கள் உதவி வேண்டினர். நாடெங்கிலுமிருந்து பணமும் கடிதங்களும் வந்து குவிந்தன. தம் தாயின் படம் பிறர் உள்ளத்தில் எத்துணை ஆழமாய்ப் பதிந்திருந்தது என்பதை மக்களும் அப்போதுதான் உணர்ந்தனர். அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

இவ்வரலாற்றில் லாங்கு அம்மையாரைக் குற்றவாளியாக்குதல் என் கருத்தன்று. நெடுவழி சென்று களைத்த ஒருவர், தாம் வந்த வேலையை முடித்து வீடு திரும்பும் வழியில், சில நிமிடங்களில் எடுத்த படம் அது. கருணை அவரிடம் இருந்தது, கலையும் இருந்தது. பெயர் கேட்கும் பழக்கம் மட்டும் அக்கணத்தில் இல்லை. கருணையும் கலையும் பிறவியில் வரலாம். இப்பழக்கம் பிறவியில் வருவதன்று. களைத்த வேளையிலும் மறவாதிருக்கும்படி ஒருவர் நம்மைப் பலகால் திருத்தித் திருத்திப் படியவைத்தாலன்றி அது நிலைபெறாது. பள்ளிக்கூடத்தின் பணி ஈண்டுத்தான் தொடங்குகின்றது.

மிசௌரிப் பள்ளியார் அதனை எங்ஙனம் செய்கின்றனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். கிளிஃப் ஈடம் அவர்களும் அவர் மனைவியாரும் 1949-ஆம் ஆண்டில் படப்பிடிப்பாளர்க்கென ஒரு பயிற்சிக் கூட்டத்தைத் தொடங்கினர். லாங்கு அம்மையார் பணியாற்றிய அதே அரசாங்கப் படக்குழுவின் முன்மாதிரியைப் பின்பற்றியே அஃது அமைந்தது. ஸ்டிரைக்கரும் அதற்குத் துணை நின்றார். அது பட்டப்படிப்பின் பகுதியன்று. எனினும் அப்பள்ளியின் கொள்கையை அதில் தெளிவாகக் காணலாம். மிசௌரி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு வாரம் தங்கிப் பயிற்சி நடைபெறும். வந்தவர் உடனே காமிராவை எடுத்துவிட முடியாது. முதலில் ஊருக்குள் சென்று, மக்களோடு பழகி, ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி விசாரித்து, தாம் சொல்லக் கருதும் செய்தி இன்னதென்று ஆசிரியரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியர் ஒப்பும் வரை படம் இல்லை. ஒப்பிய பின்னும், வாரம் முழுமைக்கும் 400 படங்களுக்கு மேல் எடுத்தலாகாது. எடுத்த எதனையும் அழித்தலும் ஆகாது. ஒருவரை நிறுத்திவைத்தோ நடிக்கச் செய்தோ எடுத்த படத்தை அங்கு ஏலார்.

இவ்விதிகளைச் சற்று ஆராய்வோம். இக்காலக் கருவி ஒரு மணி நேரத்திற்குள் 400 படங்களுக்கு மேலும் எடுக்க வல்லது. அவ்வாறிருக்க ஒரு வாரத்திற்கு 400 என்பது எதற்காக? கை ஓய்ந்திருந்தாலன்றிக் காது வேலை செய்யாது என்பதற்காகவே என்பது என் கருத்து. அழித்தலாகாது என்னும் விதியோ, தன் பிழைகளை ஆசிரியர் கண்முன் வைக்குமாறு மாணவனைக் கட்டாயப்படுத்துகின்றது. நல்ல படத்தைக் காட்டிப் புகழ் பெறுவது தொழிற்களத்தில் நடப்பது. தீய படத்தைக் காட்டித் திருத்தம் பெறுவது பள்ளியில் மட்டுமே நடப்பது. நம் மலரில் அப்படத்தை எடுத்த மாணவர்க்கு இத்தகைய ஆசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால், "இவர் பெயர் என்ன? இப்பாத்திரத்தை எங்கே கொண்டு போகின்றார்?" என்னும் இரண்டு வினாக்களுக்கு விடையின்றி அப்படம் அச்சேறியிராது. அவ்வினாக்களைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவன் யான். எனக்கே அப்பயிற்சி இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். பத்திரிகை அலுவலகத்திலேயே இதனைக் கற்கலாமே, பள்ளி எதற்கு என்பர் சிலர். ஒரு காலத்தில் அஃது உண்மையாய் இருந்தது. மூத்த படப்பிடிப்பாளரும் படங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியரும் இளையவனை அருகில் இருத்தி, ஏசியும் திருத்தியும் கற்பித்தனர். ஆயின், 28 பேரையும் ஒரே நாளில் விலக்கிய அலுவலகத்தில் இளையவனுக்குக் கற்பிக்க எஞ்சியிருப்பவர் யார்? தொழிலில் இடம் குறைகின்றது, ஆதலால் பள்ளி வேண்டா என்று யான் அன்று வாதித்தேன். அவ்வாதம் தலைகீழானது என்பதை இப்போது காண்கின்றேன். கைப்பேசி ஏந்திய ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளர் ஆகிவிட்டனர். திருத்துவோர் மட்டும் குறைந்துவிட்டனர். அலுவலகம் கைவிட்ட அக்கடமையை ஏற்க இன்று எஞ்சி நிற்பது பள்ளியே.

மற்றொரு செய்தியையும் இங்கு நோக்குதல் வேண்டும். இக்காலத்தில் காமிராவும் வேண்டா, மனிதரும் வேண்டா. செயற்கை அறிவுப் பொறியினிடம் சில சொற்களைச் சொன்னால், வெள்ளத்தில் நிற்கும் மூதாட்டியின் படத்தை அது நொடியில் ஆக்கித் தரும். 2023-ஆம் ஆண்டில் போரிஸ் எல்டாக்சன் என்னும் ஜெர்மானியக் கலைஞர், சோனி உலக நிழற்படப் போட்டியில் தமக்களித்த பரிசை ஏற்க மறுத்து, அப்படம் பொறியால் ஆக்கப்பெற்றது என்று தாமே அறிவித்தார். படக்கலையில் தேர்ந்த நடுவரே வேறுபாடு காண இயலாதபோது பொதுமக்கள் எங்ஙனம் காண்பர்? கண்ணால் காண்பதும் பொய் என்னும் பழமொழி இன்று எழுத்துக்கு எழுத்து உண்மையாய்விட்டது.

அற்றேல் உண்மைப் படத்திற்கும் பொறி ஆக்கிய படத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? அழகிலன்று; உயிர்ப்பிலுமன்று. உண்மைப் படத்தில் இருப்பவர் ஒரு நாள் நம் வாயிலில் வந்து நின்று, "நீர் என்னைப் பற்றி எழுதியது தவறு" என்று கூறக்கூடும். தாம்சன் அம்மையார் நாற்பது ஆண்டுகட்குப் பின் வந்து கூறினார். அவ்வாச்சியின் பேரன் சில திங்களுக்குள் வந்து கூறினார். பொறி ஆக்கிய மூதாட்டிக்குப் பேரன் இல்லை. அவரைப் பற்றி எதனை எழுதினும் மறுப்பார் இல்லை. அவ்வாறு வந்து கேட்கக்கூடியவர் ஒருவர் உளர் என்னும் அச்சமும் மதிப்புமே காட்சி இதழியலை வேறெல்லாப் படத்தொழிலினின்றும் பிரித்து நிறுத்துவன. இவ்வச்சத்தை வளர்ப்பதே அக்கல்வியின் உயிர்நிலை என்பேன்.

பெயரை விசாரித்தல் படத்தில் இருப்பவரோடு முடிவதுமன்று. வியட்நாமில் 1972-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், எரிகுண்டுத் தீயினின்றும் ஓடிவரும் சிறுமியின் படத்தை அறியாதார் இலர். அதனை எடுத்தவர் நிக் உட் என்பதே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் கொண்டிருந்த முடிவு. அதனைப் பற்றி ஐயம் கிளப்பிய ஓர் ஆவணப்படம் வந்தபின், உலகப் பத்திரிகைப் படச் சங்கத்தார் 2025-ஆம் ஆண்டில் எடுத்தவர் பெயரை நிறுத்தி வைத்தனர். அப்படத்தை வெளியிட்ட அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தாரோ, எஞ்சிய படச்சுருள்களையும் காமிரா வகையையும் நின்ற இடங்களின் தொலைவையும் அளந்து ஆராய்ந்து, பெயரை மாற்றத் தக்க சான்று இல்லை என்று கூறினர். யார் கூற்று மெய் என்று தீர்ப்பளித்தல் நம் வேலையன்று. ஒரு படத்தை இங்ஙனம் சாட்சியைப் போல் நிறுத்தி விசாரிக்கும் முறை ஒன்று உண்டு என்பதும், அதனை ஒருவர் கற்றுத் தேர்தல் வேண்டும் என்பதுமே யான் ஈண்டு வற்புறுத்துவது.

ஆயின் இக்கல்விக்குக் கடல் கடந்தே செல்ல வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாப் பல்கலைக்கழகத்தில் 1982-ஆம் ஆண்டு முதல் ஒரு வெகுசனத் தொடர்பு ஆராய்ச்சி நிலையம் நடைபெற்று வருகின்றது. பொருளாதாரம் பயின்ற டேனிஷ் சித்திக்கி என்னும் இளைஞர் அங்கே முதுகலை பயின்று 2007-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராய்ச் சேர்ந்து, ரோஹிங்கியா அகதிகளின் துயரைக் காட்டிய படங்களுக்காக 2018-ஆம் ஆண்டில் தம் குழுவினரோடு புலிட்சர் பரிசு பெற்றார். 2021-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தில் ஸ்பின் போல்டக் என்னுமிடத்தில் பணியிலிருந்தபோது கொல்லப்பட்டார். அவர் மறைந்தபின் 2022-ஆம் ஆண்டில் மீண்டும் அப்பரிசு அவர்க்குரியதாயிற்று. அவரை அவ்வளவு உயர்த்தியது பள்ளியே என்று கூறுதல் மிகை. அவருடைய துணிவும் உழைப்பும் அவருடையவே. எனினும் பொருளாதாரம் பயின்ற ஒருவர்க்கு இத்தொழிலின் வாயிலைத் திறந்தது அந்த முதுகலைக் கல்வி என்பதில் ஐயமில்லை. சென்னையிலும் 2000-ஆம் ஆண்டு முதல் ஆசிய இதழியல் கல்லூரி பட்டதாரிகட்கு இதழியல் கற்பித்து வருகின்றது.

ஆதலால், இத்துறையில் மேற்படிப்பை நாடும் மாணவ மாணவியர்க்கு யான் கூற விழைவன இவை. எந்தப் பள்ளியாயினும், அதன் பெயரையும் கட்டடத்தையும் கருவிகளையும் கண்டு மயங்காது, மூன்று செய்திகளை விசாரித்தறிக. ஒன்று: அப்பள்ளி உங்களை ஓரிடத்திற்கு நெடுநாள் அனுப்பி, அங்குள்ளாரோடு பழகச் செய்கின்றதா? இரண்டு: படத்தின் கீழ் எழுதும் குறிப்பைப் படத்திற்கு ஒப்ப மதித்து, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று கேட்கின்றதா? மூன்று: அழகிய படத்தையும், அது உண்மைக்கு மாறாயின், வேண்டா என்று விலக்கும் ஆசிரியர் அங்கு உளரா? இம்மூன்றும் உள்ள இடம் சிற்றூரில் இருப்பினும் சிறந்ததே. இம்மூன்றும் இல்லாத இடம் எத்துணைப் பெயர் பெற்றதாயினும், ஈடு வைத்த வீட்டிற்கு ஒப்பாகாது.

கடனைப் பற்றியும் ஒரு சொல். தந்தையார் வீட்டை ஈடு வைத்துக் கற்ற கல்வி, அக்கடன் தீரும் வரை மாணவரை நல்ல ஊதியம் தரும் வேலைக்கே துரத்தும். மெல்ல நின்று ஒருவர் பெயரைக் கேட்கும் ஓய்வை அது பறித்துக்கொள்ளும். ஆகையால் உதவித்தொகை கிடைத்தாலன்றி, ஆற்றலுக்கு மீறிய கடனில் இறங்க வேண்டா என்பதே என் துணிபு. இதில் மட்டும் என் பழைய கருத்து மாறவில்லை.

கார்த்திகைத் திங்களில் அம்மாணவிக்குச் சொல்லியனுப்பி, வந்தபின் நடந்தவற்றைக் கூறினேன். கடிதத்தையும் எழுதிக் கொடுத்தேன். மேலே கூறிய மூன்று வினாக்களையும் வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உதவித்தொகை கிடைப்பின் மிசௌரிக்குச் செல்வதென்றும், கிடையாவிடின் டெல்லிக்கோ சென்னைக்கோ விண்ணப்பிப்பதென்றும் அவர் முடிவு செய்துள்ளார். அவ்வாச்சியின் வீட்டிற்கும் யான் சென்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அதனாலென்ன தம்பி, உட்கார், சாப்பிட்டுப் போ" என்றார். அப்படத்தைத் திருத்திய குறிப்போடு மீண்டும் வெளியிடலாமா என்று கேட்டதற்கு, ஒரு முறை வந்தது போதும் என்று மறுத்துவிட்டார். அவர் விருப்பப்படியே அதனை விடுத்தோம்; அவர் பெயரையும் இங்கு எழுதவில்லை. பெயரைக் கேட்பது நம் கடமை. அதனை வெளியிட ஒப்புவது அவர் உரிமை என்பதையும் அன்று கற்றேன்.

நம் மாணவர்கள் இவ்வாண்டு மலர்க்காக எடுத்த படங்களின் கீழ், படத்தில் உள்ளவர் ஒப்பியவிடத்தெல்லாம், அவர் பெயரைக் கேட்டு எழுதியுள்ளனர். தோட்டத்தில் நீர் பாய்ச்சுபவர் பெயரும், விடுதிச் சமையலறையில் பணிபுரிவோர் பெயரும் அவற்றுள் உள. அவர்களுள் ஒருவர், இருபது ஆண்டுகளாய் இங்கு இருக்கின்றேன், என் பெயரை இன்றுதான் கேட்டார்கள் என்று நகைத்ததாக மாணவர் கூறினர். படம் எடுக்கும் கருவி நம் யாவர் கையிலும் உள்ளது. அதனை உயர்த்துமுன் ஒரு வினாவைக் கேட்கும் பழக்கத்தை, மேற்படிப்புக்குச் செல்வோரும் செல்லாதோரும் இன்றே தொடங்குவார்களாக.